இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

அவையோருக்கு வணக்கம்.

கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கச் சூதாட்ட விடுதிக்குப் போகிறவர் அங்கே ஜெயித்தாக வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, ஆடியவர் தோற்றாலும் குற்றக் கும்பலுக்கு நட்டமில்லாமல் இருந்தது.

எப்படி என்று கேளுங்கள். போதைப்பொருள் விற்றவர்களிடம் இருபது டாலர் நோட்டுகள் குவிந்து கிடந்தன. வங்கிக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வார்கள். சீனாவிலிருந்து வந்த செல்வந்தர்களுக்கோ வான்கூவரில் ஆடப் பணம் வேண்டும். ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலருக்கு மேல் வெளியே அனுப்ப அந்நாட்டு விதி இடம் தராது. நடுவில் ஹவாலா தரகர் நுழைந்தார். கும்பலின் நோட்டுக் கட்டுகளை வாங்கி ஆட்டக்காரரிடம் கொடுத்தார். அதற்கு ஈடான தொகையைக் கும்பலுக்காகச் சீனாவில் வங்கி வழியே வாங்கிக்கொண்டார். அழுக்குப் பணம் அங்கேயே கணக்கில் ஏறிய பணமாகிவிட்டது. ஆட்டத்தில் யார் ஜெயித்தால் கும்பலுக்கு என்ன?

வான்கூவரை ஒட்டிய ரிச்மண்ட் நகரின் ரிவர் ராக் சூதாட்ட விடுதிக்கு ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள் பைகளில் வந்து இறங்கின. 2014இல் மட்டும், ஒரே தடவையில் 10,000 டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாக மாகாண விடுதிகள் வாங்கிய தொகை ஏறத்தாழ 120 கோடி டாலர். லட்சம் டாலரோ அதற்கு மேலோ 1,881 முறை! நீதிபதி ஆஸ்டின் கல்லன் தலைமையிலான ஆணையம் 2022இல் அளித்த அறிக்கை தரும் கணக்கு இது.

சட்டம் இருந்தது. பெரிய ரொக்கம் வந்தால் ஃபின்ட்ராக் என்ற கனடாவின் நிதிப் புலனாய்வு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்கள், பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்! எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மாகாணத்தின் சொந்தப் புலனாய்வாளர்களே ஆண்டுக்கணக்கில் எச்சரித்தார்கள். ஆனால் சூதாட்ட வருமானம் அரசுக் கருவூலத்துக்கு அல்லவா போய்க்கொண்டிருந்தது! சட்டவிரோதச் சூதாட்டத்தைக் கண்காணித்த காவல் பிரிவை 2009இலேயே கலைத்துவிட்டார்கள்.

2015 முதல் சில வாடிக்கையாளர்களிடம் மட்டும் பணத்தின் மூலத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். பீட்டர் ஜெர்மன் என்ற முன்னாள் காவல் அதிகாரியின் பரிந்துரைப்படி, 2018 ஜனவரியில் அது எல்லோருக்கும் விதியானது: 10,000 டாலரோ அதற்கு மேலோ ரொக்கம் கொண்டுவந்தால், எந்த வங்கியில், எந்தக் கணக்கிலிருந்து எடுத்தது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்களின் பைகள் வருவது நின்றது.

இப்படிப் பணத்தைக் கைமாற்றி ரிச்மண்டில் இயங்கியதாகச் சொல்லப்பட்ட நிழல் வங்கியின் மீதான வழக்கு அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. காவல்துறை பல ஆண்டுகள் திரட்டிய சான்றுகள் தீர்ப்பு வரை போகவில்லை. காசாளர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் வேலை செய்தது. அதைப் பத்தாண்டு முன்பே கேட்டிருக்கலாம்.