பக்கத்து வீட்டு ஸ்குவிட்வார்ட்

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேன்ட்ஸ் என்ற கார்ட்டூன் தொடரில் சிறந்த எபிசோடு எது என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், ரசிகர்கள் விடிய விடியப் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். 1999இல் தொடங்கிய தொடர். நூற்றுக்கணக்கில் எபிசோடுகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 நிமிடம். இதில் பத்தைப் பொறுக்கி எடுக்கலாம் என்று ஒருநாள் உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்ததும் தாளைப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே ஆளின் கதையாக இருந்தது. அந்த ஆள் ஸ்பாஞ்ச்பாப் இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் ஸ்குவிட்வார்ட். தொடரின் பெயரில் இருப்பது மஞ்சள் கடற்பஞ்சு. அதன் சிறந்த கதைகளைத் தோளில் சுமப்பவர் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர். இன்று உங்களிடம் சொல்ல வந்தது அதைத்தான்.

பார்க்காதவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிகினி பாட்டம் என்று கடலுக்கு அடியில் ஓர் ஊர். அங்கே வரிசையாக மூன்று வீடுகள். ஒரு அன்னாசிப்பழத்துக்குள் ஸ்பாஞ்ச்பாப். ஒரு பாறைக்கு அடியில் அவன் நண்பன் பேட்ரிக், நட்சத்திர மீன். இருவருக்கும் நடுவில், ஈஸ்டர் தீவுச் சிலை மாதிரியான வீட்டில் ஸ்குவிட்வார்ட். கிரஸ்டி கிராப் என்ற உணவகத்தில் ஸ்பாஞ்ச்பாப் அடுப்படியில் நிற்கிறான், ஸ்குவிட்வார்ட் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். முதலாளி மிஸ்டர் கிராப்ஸ், காசில் உயிரை வைத்திருக்கும் நண்டு. ஸ்குவிட்வார்டுக்குத் தான் ஒரு பெரிய கலைஞன் என்ற எண்ணம். கிளாரினெட் வாசிப்பார். தன் முகத்தையே விதவிதமாக வரைவார். இரண்டும் அவருக்குச் சரியாக வராது. ஆனாலும் விடமாட்டார்.

கவனித்தீர்களா? ஸ்பாஞ்ச்பாபை 'அவன்' என்றேன், ஸ்குவிட்வார்டை 'அவர்' என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, நாக்கில் அப்படித்தான் வருகிறது. இத்தனைக்கும் ஸ்பாஞ்ச்பாபும் சொந்த வீட்டில் இருந்துகொண்டு தினமும் வேலைக்குப் போகிறவன்தான். வேறுபாடு வயதில் இல்லை. ஒருவனுக்கு எல்லாமே விளையாட்டு. இன்னொருவர் நினைத்தது எதுவும் நடக்காமல் களைத்துப்போனவர். இந்த 'அவனும்' 'அவரும்' உரசும்போதுதான் தொடரில் தீப்பொறி பறக்கிறது.

இதை உருவாக்கியவர் ஸ்டீஃபன் ஹில்லன்பர்க். கலிஃபோர்னியாவில் கடல் உயிரியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். கடலோரப் பாறைக் குட்டைகளில் வாழும் உயிர்களைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு படக்கதை வரைந்தார். அதில் கதை சொல்வது பாப் என்ற கடற்பஞ்சு. அப்புறம் அனிமேஷன் படித்துவிட்டு, தொலைக்காட்சிக்குப் போனார். அந்தப் பாப்தான் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சதுரப் பஞ்சாக உருமாறி வந்தது. ஸ்குவிட்வார்டின் பெயரில் கணவாய் இருக்கிறது, ஆள் ஆக்டோபஸ். கால் எட்டு இருக்க வேண்டும், ஆறுதான் இருக்கிறது. எட்டுக் காலை ஒவ்வொரு சட்டத்திலும் அசைத்து வரைவது பெரும்பாடு என்று இரண்டைக் குறைத்துவிட்டார்கள். கடல் உயிரியல் வாத்தியாரே கை வைத்துக் குறைத்தது! லாரல் ஹார்டி, ஜெர்ரி லூயிஸ் போன்றவர்களின் நகைச்சுவை தன்னைப் பாதித்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். குழந்தை மனசுக்காரன் ஒருவன் சிரிப்பு மூட்ட வேண்டுமென்றால், அவனைத் தாங்க முடியாமல் தவிக்கிற ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது அந்த மரபில் ஊறியவருக்குத் தெரியாதா என்ன?

சரி, எபிசோடுகளுக்கு வருவோம்.

முதல் சீசனில் 'பீட்சா டெலிவரி' என்று ஒன்று. கடை மூடுகிற நேரத்தில் பீட்சா கேட்டு ஒரு போன். கிரஸ்டி கிராப்பில் பீட்சாவே கிடையாது. காசு வருகிறதே என்று முதலாளி ஒன்றைச் செய்து, இவர்கள் இருவர் கையிலும் கொடுத்தனுப்புகிறார். வண்டி போய்விடுகிறது, வழி தவறுகிறது, ஆளில்லாத வெளியில் அலைகிறார்கள். பசியில் ஸ்குவிட்வார்ட் பீட்சாவைப் பறிக்கப் பார்க்கிறார். வாடிக்கையாளருடைய பொருள் என்று ஸ்பாஞ்ச்பாப் அதைக் கட்டிக் காக்கிறான். ஒருவழியாக வந்து சேர்ந்தால், கதவைத் திறந்த ஆள், நான் கேட்ட குளிர்பானம் எங்கே என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறான். ஸ்பாஞ்ச்பாப் அழுகிறான். அதுவரை எரிந்து எரிந்து விழுந்துகொண்டிருந்த ஸ்குவிட்வார்ட் அவனைப் பார்க்கிறார். போய்க் கதவைத் தட்டுகிறார். திறந்தவன் முகத்தில் பீட்சாவை அப்படியே அறைகிறார். திரும்பி வந்து, அவன் ஒரே வாயில் முழுவதையும் தின்றுவிட்டான் என்று ஸ்பாஞ்ச்பாபிடம் சொல்கிறார்.

அந்தப் பொய்யைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. உன் மேல் எனக்குப் பிரியம் உண்டு என்று அவர் வாயைத் திறந்து சொல்லவே மாட்டார். ஆனால் அந்தப் பையனின் நம்பிக்கை உடைவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மற்ற எபிசோடுகளில் இவர் எவ்வளவு சிடுசிடுத்தாலும் நமக்கு வெறுப்பு வராததற்கு இந்த ஒரு காட்சி போதும்.

அடுத்து 'எஸ்பி-129'. இதுவும் முதல் சீசன். ஜெல்லிமீன் பிடிக்க வா வா என்று ஸ்பாஞ்ச்பாபும் பேட்ரிக்கும் நச்சரிக்கிறார்கள். தப்பிக்க நினைத்து ஸ்குவிட்வார்ட் கடையின் குளிர்பதன அறைக்குள் ஒளிகிறார். கதவு மாட்டிக்கொள்கிறது. உறைந்துபோகிறார். 2000 ஆண்டு கழித்து எழுந்தால் உலகமே உலோகமாகப் பளபளக்கிறது. அங்கிருந்து ஒரு கால எந்திரத்தில் ஏறி ஆதிகாலத்துக்குப் போகிறார். அங்கேயும் ஒரு ஆதி ஸ்பாஞ்ச்பாப், ஒரு ஆதி பேட்ரிக்! ஜெல்லிமீனிடம் கொட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பொறுக்க முடியாமல், வலையால் எப்படிப் பிடிப்பது என்று இவரே காட்டிக்கொடுக்கிறார். எந்த விளையாட்டுக்குப் பயந்து ஓடி ஒளிந்தாரோ, அதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அங்கிருந்தும் தப்பி, கடைசியில் ஒன்றுமே இல்லாத வெள்ளை வெளியில் வந்து விழுகிறார். அப்பாடா, தனிமை! முதலில் மகிழ்ச்சி. பிறகு 'தனியாக, தனியாக' என்று குரல்கள் நாலாபுறமும் கேட்கத் தொடங்குகின்றன. தனிமை கேட்டவருக்குத் தனிமை கிடைத்தது. அதை அவரால் தாங்க முடியவில்லை. 11 நிமிடத்தில், சிறுவர்களுக்கான படத்தில், இதைச் சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் அந்த இடத்தில் கொஞ்சம் பயப்படுவார்கள். பயப்படட்டும்.

இதற்குத் தம்பி மாதிரி இரண்டாம் சீசனில் 'ஸ்குவிட்வில்' வந்தது. தொல்லை தாங்காமல் வீட்டை மாற்றிக்கொண்டு, தன்னைப் போன்றவர்கள் மட்டுமே வாழும் குடியிருப்புக்குப் போய்விடுகிறார். எல்லோரும் அதே மூக்கு, அதே முகபாவம், அதே ரசனை. சைக்கிள் ஓட்டுகிறார், டப்பாவில் அடைத்த ரொட்டி வாங்குகிறார், நடன வகுப்புக்குப் போகிறார். மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. அதே காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டி, ஒவ்வொரு முறையும் அவர் முகத்தில் ஒளி குறைவதை மட்டும் வரைந்திருக்கிறார்கள். கடைசியில், காற்றை ஊதிக் குப்பையைத் தள்ளும் கருவி ஒன்று கையில் கிடைக்கிறது. எந்தக் கருவியை வைத்து அந்த இரண்டு பேரும் அட்டகாசம் செய்தார்களோ அதே மாதிரிக் கருவி. இவரும் ஆரம்பித்துவிடுகிறார்! எனக்குப் பிடித்த சிரிப்பு இது. அவர்களோடு இருந்து இருந்து அந்த விளையாட்டு இவருக்கும் தொற்றிக்கொண்டிருக்கிறது, இவருக்கே தெரியாமல்.

இங்கே தொழில் சம்பந்தமாக ஒன்று. இந்தத் தொடரில் முழு வசனத்தோடு திரைக்கதை எழுதிக் கையில் கொடுப்பதில்லை. கதைச் சுருக்கம் மட்டும் போகும். ஸ்டோரிபோர்டு வரைகிற கலைஞர்களே படத்தையும் வசனத்தையும் சேர்த்து உருவாக்குவார்கள். அதனால்தான் நல்ல எபிசோடுகளில் முகமே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. ஸ்குவிட்வார்டின் தொங்கும் இமையும் அந்த நீளமான மூக்கும் வரைகிறவன் கைக்குக் கிடைத்த வரம். அதோடு அவருக்குக் குரல் கொடுக்கும் ரோஜர் பம்பாஸின் மூக்கால் இழுக்கிற குரல். கிளாரினெட்டே பேசுகிற மாதிரி இருக்கும்.

2002இல் வந்த 'இடியட் பாக்ஸ்' இதற்கு நல்ல சான்று. ஸ்பாஞ்ச்பாபும் பேட்ரிக்கும் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கி, தொலைக்காட்சியை வெளியே வைத்துவிட்டு அட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். கற்பனையில் விளையாடப்போகிறார்களாம். தொலைக்காட்சி ஸ்குவிட்வார்டுக்குக் கிடைக்கிறது. அவர் பார்க்க உட்கார்ந்தால், அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து பனிச்சரிவு ஓசை கேட்கிறது. திறந்தால் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மூடினால் மறுபடி ஓசை. உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்கு ஒரு முறைகூடக் காட்டுவதில்லை. வெறும் சத்தம்தான். பார்க்கிற குழந்தையும் அந்தப் பெட்டிக்குள் தன் கற்பனையை நிரப்ப வேண்டியிருக்கிறது. இரவில் எல்லோரும் போன பிறகு ஸ்குவிட்வார்ட் தனியாக வந்து பெட்டிக்குள் உட்கார்ந்து பார்க்கிறார். யாரும் பார்க்காதபோது. அந்த நடை, அந்த எட்டிப் பார்த்தல், அதை எப்படிச் சொல்வேன்! பெட்டி நிஜமாகவே நகர்கிறது, அவருக்கு ஒரே குதூகலம். குப்பை வண்டிதான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது.

ஸ்குவிட்வார்டை நம்பாத நல்ல எபிசோடுகளும் உண்டு, மறைக்க மாட்டேன். 'ராக் பாட்டம்' அப்படியொன்று. இருண்ட ஊரில் ஸ்பாஞ்ச்பாப் நிறுத்தத்தைவிட்டு நகரும்போதெல்லாம் பேருந்து வந்து போய்விடும். 'புரோகிராஸ்டினேஷன்' இன்னொன்று; 800 வார்த்தைக் கட்டுரை எழுத உட்கார்ந்தவன் முதல் வார்த்தையை மட்டும் அலங்காரமாக வரைந்துவிட்டு நாளைக் கழிப்பான். எழுதுகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும்.

2004இல் திரைப்படம் வந்த பிறகு ஹில்லன்பர்க் தொடரின் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகினார். அதன் பின்னால் வந்த சில எபிசோடுகளில் எனக்கு வருத்தம் உண்டு. 'குட் நெய்பர்ஸ்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அமைதியாக ஒரு விடுமுறை நாளைக் கழிக்க நினைக்கும் மனிதரை அண்டை வீட்டார் படுத்தி எடுக்கிறார்கள், முடிவில் தண்டனையும் அவருக்கே. முன்பெல்லாம் அவருடைய கர்வமோ பொய்யோதான் அவரைக் கவிழ்க்கும். நமக்கும் சிரிக்க நியாயம் இருந்தது. இங்கே அவர் படும் பாட்டையே நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். ஆசையை எடுத்துவிட்டு அடியை மட்டும் வைத்தால் ஸ்குவிட்வார்ட் வெறும் பஞ்சு மூட்டைதான்.

ஆசை என்றேன். அதற்காகவே கடைசிக்கு வைத்திருந்தேன், 'பேண்ட் கீக்ஸ்'. 2001 செப்டம்பரில் வந்தது. பலரும் முதலிடம் கொடுக்கும் எபிசோடு. நானும் கொடுக்கிறேன்.

ஸ்குவில்லியம் என்று ஒரு பழைய பள்ளிப் போட்டியாளன். ஸ்குவிட்வார்ட் ஆசைப்பட்டதெல்லாம் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அவன் போன் செய்கிறான். பபிள் பவுல் என்ற பெரிய நிகழ்ச்சியில் என் வாத்தியக் குழுவால் வாசிக்க முடியவில்லை, உன் குழுவை அழைத்து வருகிறாயா என்கிறான். இவருக்குக் குழுவே இல்லை என்று தெரிந்து கேட்கிற கேள்வி. இவர் வீம்புக்கு ஒத்துக்கொள்கிறார். ஊரைக் கூட்டி ஒத்திகை வைக்கிறார். மயோனைஸ் ஒரு வாத்தியமா என்று பேட்ரிக் கேட்கிறான், முழு அக்கறையோடு. ஒத்திகை நாளுக்கு நாள் கெட்டு, கடைசியில் அடிதடியில் முடிகிறது. ஸ்குவிட்வார்ட் கத்தவில்லை. ஒன்றுமே செய்யாததற்கு நன்றி என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போகிறார். தொடரில் அவர் மிகவும் உடைந்துபோன நேரம் அது என்று நினைக்கிறேன்.

பிறகு ஸ்பாஞ்ச்பாப் எழுந்து பேசுகிறான். உன் பையன் தீயில் மாட்டியபோது காப்பாற்றியது யார் என்று கேட்கிறான். தீயணைப்பு வீரர் என்று பதில் வருகிறது. உனக்கு இதயம் நின்றபோது உயிர் கொடுத்தது யார்? ஆம்புலன்ஸில் வந்த யாரோ ஒருவர். சரி, ஸ்குவிட்வார்டைத் தீயணைப்பு வீரராகவோ ஆம்புலன்ஸ்காரராகவோ நினைத்துக்கொள்வோம் என்கிறான் ஸ்பாஞ்ச்பாப்! சொல்லிக்காட்ட ஓர் உதவிகூட அவர் செய்ததில்லை. அதனால் என்ன, செய்ததாக வைத்துக்கொள்வோம். இதைவிடப் பெருந்தன்மையான பேச்சை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

நிகழ்ச்சி நாளில், சாக்குச் சொல்லித் தப்பிக்கலாம் என்று நிற்கிற ஸ்குவிட்வார்டின் பின்னால் குழு சீருடையோடு வந்து நிற்கிறது. ஸ்பாஞ்ச்பாப் பாடத் தொடங்குகிறான். 'ஸ்வீட் விக்டரி' என்ற அந்த ராக் பாட்டு டேவிட் கிளென் ஐஸ்லியும் பாப் குலிக்கும் சேர்ந்து செய்தது. தொடருக்காக எழுதியதில்லை, ஏற்கெனவே இருந்த பாட்டு. நல்ல பாட்டு. சிரிக்கவைப்பதற்காகக் கெடுக்கப்படாத பாட்டு. 11 நிமிடம் நம்மைத் தோல்விக்குத் தயார்படுத்திவிட்டு, எந்தக் குறும்பும் இல்லாமல் முழு வெற்றியைக் கொடுக்கிறார்கள். ஸ்குவில்லியம் மயங்கி விழுகிறான்.

ஹில்லன்பர்க் 2018 நவம்பரில், 57 வயதில், ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயால் காலமானார். 2019 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் அந்தப் பாட்டை ஒலிக்கவிட வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இடைவேளை நிகழ்ச்சியில் ஸ்குவிட்வார்ட் சில நொடிகள் தோன்றினார், பாட்டு வரவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 2024 சூப்பர் பவுலை இந்தத் தொடரின் சேனலான நிக்கலோடியன் சிறுவர்களுக்காகத் தனியாக ஒளிபரப்பியபோது, பாட்டு வந்தது.

எபிசோடின் கடைசிப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்குவிட்வார்ட் ஓடி வந்து கையை உயர்த்தித் துள்ளுகிறார். மறுநாள் அவர் கல்லாவுக்குத்தான் திரும்பியிருப்பார். வரைந்தவர்கள் அதைக் காட்டவில்லை. அவர் காற்றில் இருக்கும்போதே படத்தை நிறுத்திவிட்டார்கள்.

நன்றி.