துட்டி வீட்டில் நண்பருக்கு என்ன வேலை?

வணக்கம். செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கத்துத் துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், யாருக்கு என்ன இடம் என்பது முன்பே தீர்மானமானது. உடலைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் பங்காளிகள், கோடித் துணி போடச் சம்பந்தக்காரர்கள், கொள்ளி வைக்க மகன். முப்பது வருடம் கூடவே திரிந்த சேக்காளிக்கு, அந்த நண்பருக்கு? ஐஸ் பெட்டிக்குப் போன் போடுவதும், வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவதும்தான். அவருக்கு மொட்டை கிடையாது, தீட்டு கிடையாது, ஆபீசில் லீவும் கிடையாது. ஊர் கணக்கில் எடுக்காத இந்த மாதிரித் துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் தனியாகவே எழுதினார். கேட்க ஆளில்லாத துக்கம் லேசில் ஆறாது.

அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது இதுதான்: கெடு வைத்த வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நாள் கழியும்வரை வீட்டாருக்குக் கை ஓடாது. சர்க்கார் கணக்கில் நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதலில் இறப்புப் பதிவு. இறந்த இடத்தில்தான் பதிய வேண்டும், குடியிருந்த ஊரில் அல்ல. எல்லைப்புறத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான். கேரளத்துப் புனலூர் ஆஸ்பத்திரியில் இறந்தால் புனலூர் நகராட்சி. உடலை ஆரியங்காவு மலைப்பாதை வழியாகக் கொண்டுவந்து செங்கோட்டையில் எரித்தாலும் செங்கோட்டை நகராட்சி பதியாது. 21 நாளுக்குள் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் மாவட்டப் பதிவாளரின் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு.

ஆஸ்பத்திரியில் இறந்தால் தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஆனால் எந்தப் பெயரை? சேர்க்கும்போது பதற்றத்தில் யாரோ சொன்ன பெயரை. வீட்டில் கூப்பிடுகிற பெயராக இருக்கலாம், இனிஷியல் விட்டுப்போயிருக்கலாம், மலையாள குமாஸ்தாவின் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கலாம். ஆதாரோடு ஒத்துப்போகாத சான்றிதழை வங்கிக்காரர் கையிலேயே வாங்க மாட்டார். அதனால் உடலை வாங்குவதற்கு முன்பே ஆதார் நகலைக் கொடுத்து எழுத்துக்கு எழுத்துச் சரிபாருங்கள். விட்டுவிட்டால், திருத்துவதற்கு நிஜமாகவே மலை ஏறி இறங்க வேண்டும்.

வாரிசுச் சான்றிதழ் வேறு. அது இறந்தவர் குடியிருந்த தாலுகாவின் தாசில்தார் தருவது; இ-சேவை மையத்தில் மனுப் போடலாம்.

அடுத்தது இறந்தவரின் வங்கிப் பாஸ்புக். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. 20 ரூபாய் என்றால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு, விபத்தில் இறந்திருந்தால்தான் அது கிடைக்கும். இரண்டிலும் தொகை 2 லட்சம். இப்படி ஒன்று இருப்பதே தெரியாத குடும்பங்கள் உண்டு. அவசரத்துக்கு அவருடைய ஏடிஎம் கார்டில் பணம் எடுக்கலாமே என்று யாராவது சொன்னால் தடுங்கள். நாளைக்கு வாரிசுகளின் சண்டை அதில்தான் தொடங்கும். நாமினி வங்கியில் பணத்தை வாங்குகிறவர், அவ்வளவுதான், பங்கு வாரிசுகளுக்கு.

ஒரு மனிதர் எதைப் பெரிதாக நினைத்து வாழ்ந்தார் என்பதும் இந்தக் காகிதங்களில்தான் வெளிப்படும். அக்கா மகள் படிப்புக்கு மாதாமாதம் போன பணம் இருக்கும். திரும்பாது என்று தெரிந்தே கொடுத்த கைமாற்று இருக்கும். இறுதி அஞ்சலிப் பேச்சுகளைவிட நான் பாஸ்புக்கை நம்புவேன். பார்த்ததை எல்லாம் துட்டி வீட்டில் வைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

வேலை முடிந்த பிறகுதான் பல நண்பர்களுக்கு அழுகை வரும். பயப்பட வேண்டாம். துக்கத்துக்கு ஐந்து படி உண்டு என்பார்கள். 1969-இல் மனநல மருத்துவர் கூப்ளர் ராஸ் அதைச் சொன்னது, சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிப் பார்த்துத்தான். இருக்கிறவர்கள் வரிசையாக ஏறி முடிக்க வேண்டிய படிகள் அல்ல. ஒரு நாள் சிரிப்பீர்கள், மறுநாள் டீக்கடைப் பக்கமே போக முடியாது. இரண்டும் இயல்பு. ஆனால் ஆறு மாதம் தாண்டியும் தூக்கமும் வேலையும் சரிப்படவில்லை என்றால் 14416-க்குப் பேசுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அப்போதே பேசுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லை. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.