சரியாக எடைபோட்டது டிக்கெட் வாங்கிய பெண்பிள்ளைகளே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"பாப் நட்சத்திரம் நடிக்க வந்த முதல் படத்தைச் சரியாக எடைபோட்டவர்கள் விமர்சகர்களா, ரசிகர்களா?" இதுதான் இன்றைய தலைப்பு. வழக்குக்கு எடுத்துக்கொண்ட படம், 2002 பிப்ரவரி 15-ல் அமெரிக்காவில் வெளியான 'கிராஸ்ரோட்ஸ்'. பிரிட்னி ஸ்பியர்ஸ் கதாநாயகியாக நடித்த முதல் படம். அப்போது அவருக்கு வயது இருபது. ரசிகர்களே சரியாக எடைபோட்டார்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையை நான்கு வரியில் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியாவில் மூன்று சிறுமிகள் தங்கள் ஆசைகளை ஒரு பெட்டியில் போட்டுப் புதைக்கிறார்கள். வளர வளரப் பேச்சுவார்த்தை அற்றுப்போகிறது. பள்ளிப் படிப்பு முடிந்த இரவில் பெட்டியைத் தோண்டி எடுக்கிறார்கள். மூவரும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் காரில் கிளம்புகிறார்கள். லூசிக்குத் தன்னை விட்டுப்போன அம்மாவைப் பார்க்க வேண்டும், கிட்டுக்குக் காதலனைப் பார்க்க வேண்டும், கர்ப்பிணியான மிமிக்குப் பாட்டுத் தேர்வுக்குப் போக வேண்டும். லூசிதான் பிரிட்னி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குண்டுகள் போட்டுவிட்டுப் போனார். ஒன்று, நூறு விமர்சகர்களில் இருபது பேர்கூடப் படத்தைப் பாராட்டவில்லை. இரண்டு, அந்த ஆண்டின் மிக மோசமான நடிகை என்று கோல்டன் ராஸ்பெரி விருது, அதாவது ராஸி, கிடைத்தது. மூன்று, "பிரிட்னி முகம் போட்டால் சோப்பு டப்பாவையும் வாங்கும் கூட்டம் அது, அந்தக் கூட்டத்தின் கைதட்டலுக்கு என்ன மதிப்பு?"

மூன்றாவதைத்தான் முதலில் எடுக்கிறேன். அது விழுந்தால் மற்ற இரண்டுக்கும் கால் இல்லை.

ரசிகர் கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு வரும் என்றால், நட்சத்திரம் யாராக இருந்தாலும் வந்திருக்க வேண்டும். வந்ததா? 'கிராஸ்ரோட்ஸ்' வருவதற்கு ஐந்து மாதம் முன்பு, 2001 செப்டம்பர் 21-ல், மரியா கேரி நடித்த 'கிளிட்டர்' வந்தது. மரியா கேரி என்ன சாதாரணப் பாடகியா? தொண்ணூறுகள் முழுக்க முதலிடத்திலேயே குடியிருந்தவர். படத்துக்குப் போட்ட பணம் சுமார் 2.2 கோடி டாலர். அமெரிக்க வசூல் 50 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. அடுத்து 2003 ஜூனில் 'ஃப்ரம் ஜஸ்டின் டு கெல்லி'. 'அமெரிக்கன் ஐடல்' என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் முதல் பருவ வெற்றியாளரும் இரண்டாம் இடக்காரரும் ஜோடி. நாடே தொலைபேசியில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஜோடி அது. அதுவும் அமெரிக்காவில் 50 லட்சத்தைத் தாண்டவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் டிக்கெட் வாங்கவில்லை, நடுவர் அவர்களே!

"'கிளிட்டர்' வந்தது செப்டம்பர் 11 தாக்குதல் முடிந்து பத்தாம் நாள், அதனால்தான் ஓடவில்லை" என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பு, தாக்குதல் நடந்து மூன்றே நாளில், 'ஹார்ட்பால்' என்ற படம் வந்தது. அதுவும் பெரிய காவியம் இல்லை. அமெரிக்காவில் 4 கோடி டாலர் வசூல். மக்கள் அரங்குக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். 'கிளிட்டருக்கு' வரவில்லை, அவ்வளவுதான்.

'கிராஸ்ரோட்ஸ்' கணக்கு என்ன? செலவு சுமார் 1.2 கோடி டாலர். முதல் மூன்று நாளில் 1.45 கோடி, வார இறுதியில் இரண்டாம் இடம். அமெரிக்காவில் மொத்தம் சுமார் 3.7 கோடி, உலகம் முழுக்க 6.1 கோடி. இதில் ஏறக்குறைய பாதி அரங்குக்காரர்களுக்குப் போகும், விளம்பரச் செலவு தனி. ஆகவே கொள்ளை லாபம் என்று நான் அளக்க மாட்டேன். ஆனால் பெயர் பெற்றவர்கள் நடித்த மூன்று படங்களில் இரண்டை ஒதுக்கி ஒன்றுக்குப் போன கூட்டத்தை மந்தை என்று சொல்ல முடியுமா?

இன்னும் நுணுக்கமாகப் பார்ப்போம். திரைத்துறையில் வசூலைப் படிக்கும் ஒரு முறை உண்டு. மொத்த வசூலை முதல் மூன்று நாள் வசூலால் வகுக்க வேண்டும். முதல் மூன்று நாள் நட்சத்திரத்தின் பெயர் இழுக்கிறது. அதற்குப் பின் பார்த்தவர் வாய்ச்சொல்தான் இழுக்க வேண்டும். வகுத்து வரும் எண் இரண்டை ஒட்டி நின்றால், வெள்ளிக்கிழமை பார்த்த பிள்ளைகள் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் "போகாதே" என்று சொல்லிவிட்டார்கள் என்று பொருள். மூன்றைத் தாண்டினால் தோழியை இழுத்துக்கொண்டு மறுபடி போயிருக்கிறார்கள். 'கிராஸ்ரோட்ஸுக்கு' வருவது இரண்டரை. நடுத்தரம். பரவாயில்லை ரகம்.

இப்போது மூன்று வாரம் முன்னால் போங்கள். 2002 ஜனவரி 25. இன்னொரு இளம் பாப் பாடகி மேண்டி மூர் நாயகியாக நடித்த 'எ வாக் டு ரிமெம்பர்' வந்தது. செலவும் கிட்டத்தட்ட அதே அளவு, பார்க்கும் கூட்டமும் அதே பதின்ம வயதுப் பெண்கள். முதல் மூன்று நாள் 1.2 கோடி, மொத்தம் 4.1 கோடி. வகுத்தால் 3.4. அதாவது பிரிட்னியின் பெயர் முதல் வாரத்தில் கூடுதலாக இழுத்தது. படத்தின் பலம் மேண்டி மூருக்குப் பிற்பாடு கூடுதலாக இழுத்தது. இரண்டு படத்துக்கும் இருந்த வித்தியாசத்தைச் சரியாகக் கண்டுபிடித்தது யார்? அந்தப் பெண்பிள்ளைகள். விமர்சகர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் படத்துக்கும் நூற்றுக்கு முப்பது பேர்கூட நல்ல வார்த்தை சொல்லவில்லை. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்கள்.

சரி, அந்த விழுக்காடு விஷயத்துக்கு வருகிறேன். விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளம் காட்டும் எண்ணை மதிப்பெண் என்று எதிரணித் தலைவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது மதிப்பெண் இல்லை. ஒவ்வொரு விமர்சனமும் 'நல்லது' அல்லது 'நல்லதில்லை' என்று இரண்டில் ஒரு பெட்டியில் விழும். 'நல்லது' பெட்டியில் எத்தனை விழுக்காடு என்பதுதான் அந்த எண். நூறு பேரும் "சுமார், ஒருமுறை பார்க்கலாம், ஆனால் பரிந்துரைக்க மாட்டேன்" என்று எழுதினால் படத்துக்குப் பூஜ்ஜியம்! ஆகவே இருபதுக்குக் கீழே இருக்கிறது என்றால் படம் நூற்றுக்கு இருபது மார்க்கூட வாங்கவில்லை என்று பொருள் இல்லை.

ராஸி இன்னும் வேடிக்கை. அது சந்தா கட்டி உறுப்பினரானவர்கள் போடும் ஓட்டு. 1980-ஆம் ஆண்டுப் படங்களுக்குக் கொடுத்த முதல் விருதிலேயே மோசமான இயக்குநர் பட்டியலில் 'தி ஷைனிங்' படத்துக்காக ஸ்டான்லி குப்ரிக்கின் பெயரைச் சேர்த்த புண்ணியவான்கள் அவர்கள். பிரிட்னிக்குக் கொடுத்த விருதை இன்னொருவரோடு பங்கு போட்டுத்தான் கொடுத்தார்கள். யார் அவர்? 'ஸ்வெப்ட் அவே' படத்துக்காக மடோனா. 'கிராஸ்ரோட்ஸ்' தொடக்கப் பகுதியிலேயே மடோனா பாட்டுக்கு லூசி படுக்கையறையில் ஆடிப் பாடுகிறாள். பாட்டைக் கொடுத்தவரே விருதிலும் பங்குக்கு வந்தார். மடோனா படம் அமெரிக்காவில் 6 லட்சம் டாலர் வசூல்கூட எட்டவில்லை. ஒன்று 3.7 கோடி, ஒன்று 6 லட்சம். அறுபது மடங்கு வித்தியாசத்தை மக்கள் பார்த்தார்கள். ராஸிக்காரர்கள் இரண்டுக்கும் ஒரே விலைச்சீட்டை ஒட்டினார்கள்.

"வசூல் சரி, நடிப்பு எப்படி?" என்று நடுவர் கேட்பது கண்ணில் தெரிகிறது. அரங்கின் எதிர்வினையைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நட்சத்திரம் முதலில் திரையில் வரும்போது எழும் கூச்சலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. அதே காரணத்துக்காகத்தான் அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் முதல் நாள் இரவு வாசலில் சீட்டுக் கொடுத்து வாங்கும் மதிப்பீட்டையும் தள்ளுபடி போட்டுப் படிப்பார்கள். முதல் நாள் வருவது தீவிர ரசிகர் என்பதால் ஏ-க்குக் கீழே பி வந்தாலே தயாரிப்பாளர் முகம் சுருங்கும். கவனிக்க வேண்டியவை இரண்டு: சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வருகிறதா, சத்தம் போட்ட கூட்டம் எந்த இடத்தில் அடங்குகிறது.

சிரிப்பு வரக்கூடிய இடம் இந்தப் படத்தில் இருக்கிறது, மறைக்க மாட்டேன். லூசி தன் கவிதையைப் படித்துக் காட்டுகிறாள். அந்தக் கவிதை ஏற்கெனவே வெளியான பிரிட்னியின் பாட்டு! ஆல்பம் 2001 நவம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. அரங்கில் இருக்கும் எல்லாருக்கும் மனப்பாடமான வரிகளை, இப்போதுதான் மனதில் பிறந்தது போல ஒருத்தி படித்தால் எந்த நடிகையாலும் தாங்க முடியாது. இது நடிப்பின் குற்றம் இல்லை, பாட்டு விற்பனையையும் கதையையும் ஒரே காட்சியில் கட்டிப்போட்ட திட்டத்தின் குற்றம். பாப் நட்சத்திரப் படங்கள் பெரும்பாலும் இடறி விழும் இடமே இதுதான்.

இதற்கு நேர் எதிர், நியூ ஆர்லியன்ஸ் காட்சி. கார் பழுது, கையில் காசு இல்லை. கரோக்கி பாரில் மேடையேறி மிமி பாட வேண்டும். கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு வாய் வரவில்லை. லூசி முன்னால் வருகிறாள். பாட்டு 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்'. லட்சக்கணக்கானவர் முன்னால் பாடிப் பழகிய ஒருத்தி, கூட்டத்தின் முன் பாடியே பழகாத பெண்ணாக நிற்க வேண்டும். பிரிட்னி எடுத்த எடுப்பில் மேடையை ஆளவில்லை. தயங்கித் தொடங்கி, தோழிகள் சேர்ந்த பிறகுதான் உடம்பு இளகுகிறது. தெரிந்த வித்தையை மறைத்துக் காட்டுவது இருக்கிறதே, அது நடிப்பா இல்லையா? எதிரணி சொல்லட்டும்.

அடங்கும் இடம், அரிசோனாவில் அம்மா வீடு. அம்மாவாக கிம் கட்ரால். சின்னக் காட்சி. அம்மாவுக்கு இப்போது வேறு குடும்பம், வேறு பிள்ளைகள். நீ வேண்டிப் பிறந்தவள் இல்லை என்று மகளிடமே சொல்கிறாள். அங்கே இயக்குநர் டாம்ரா டேவிஸ் செய்தது கெட்டிக்காரத்தனம்: பேசும் பாரம் முழுக்க அனுபவசாலியான கட்ராலுக்கு, பிரிட்னிக்குக் கேட்கும் வேலை மட்டும். புது நடிகை கேட்டுக்கொண்டு இருந்தால் போதும், முகம் தானாக வேலை செய்யும். அதற்கு அடுத்து வரும் அழுகையில் குரல் கொஞ்சம் தட்டையாகப் போகிறது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு மிச்சம் வைப்பானேன்.

விமர்சகர்கள் பார்க்கத் தவறியது, இது மூன்று பெண்களின் படம் என்பதை. 'கிளிட்டரில்' பாரம் முழுக்க ஒரே தலைமேல். இங்கே பிரிட்னியின் இரு பக்கமும் மிமியாக டாரின் மேனிங்கும் கிட்டாக ஸோயி சல்டானாவும். மிமியின் கர்ப்பம் வன்புணர்வில் வந்தது, செய்தவன் கிட்டின் காதலனே என்று தெரியவரும் இடத்தில் படத்தைத் தூக்கி நிறுத்துவது அவர்கள் இருவரும். "இவ்வளவு கனமான விஷயத்தை மிட்டாய்த் தாளில் சுற்றியிருக்கிறார்கள்" என்று குறை சொன்னார்கள். பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை, பெரியவர் துணையில்லாமல் போய்ப் பார்க்கக்கூடிய சான்றிதழ் உள்ள படத்தில், அந்த விஷயத்தை வேறு எந்தத் தாளில் சுற்றி அவள் கையில் கொடுப்பது? எழுதியவர் ஷோண்டா ரைம்ஸ். மூன்று ஆண்டு கழித்து 'கிரேஸ் அனாடமி' தொடரைக் கொடுத்து அமெரிக்கத் தொலைக்காட்சியையே கையில் எடுத்தவர். சல்டானா 2025-ல் ஆஸ்கரே வாங்கிவிட்டார். ஆனால் 2002-ல் பேனா பிடித்தவர்களில் பலருக்குப் பிரிட்னியின் இடுப்பைத் தாண்டிப் பார்வை போகவில்லை.

கடைசியாக ஒன்று. "பிரிட்னியே நடிப்பை விட்டு ஓடிவிட்டாரே" என்று போகிற போக்கில் சொன்னார் எதிரணித் தலைவர். 2023-ல் வந்த தன்வரலாற்றில் அவர் எழுதியிருப்பது என்ன? படப்பிடிப்பு முடிந்த பிறகும் லூசியைவிட்டு வெளியே வர முடியவில்லை, நடை பேச்செல்லாம் மாறிப்போனது, அதனால் நடிப்பு அதோடு நின்றதில் நிம்மதி என்று. நடிக்கத் தெரியாதவர் சொல்லும் குறையா இது? பாத்திரத்துக்குள் போனவர், திரும்பி வரும் வழியைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தவித்த கதை. அந்தப் புத்தகம் வந்த வாரத்திலேயே, அக்டோபர் 23, 25 தேதிகளில், படத்தை மறுபடி அரங்கில் போட்டார்கள். விமர்சகர்கள் இருபத்தோரு ஆண்டு முன்பே புதைத்த படம் அது!

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் மேண்டி மூரின் 3.4-க்கும் பிரிட்னியின் இரண்டரைக்கும் விமர்சகர்கள் ஏன் வித்தியாசம் காணவில்லை என்று சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். 'ஹார்ட்பால்' வசூலையும் மறந்துவிட வேண்டாம். நன்றி, வணக்கம்.