கேன்யன் ஆற்று மணலில் ஒரு இரவு: கூடாரப் பையைத் திறக்கும் முன்

[காட்சி: இரண்டு பக்கமும் செந்நிறப் பாறைச் சுவர்கள், நடுவில் காவி நிற ஆறு, மணலில் பாதி ஏற்றிய ஒரு படகு]

மாலை நான்கு மணி ஆகிவிட்டது, காலையிலிருந்து துடுப்பு போட்டதில் தோள் இரண்டும் கெஞ்சுகின்றன, ஆற்றின் வளைவில் அழகாக ஒரு மணல்திட்டு தெரிகிறது. படகைக் கரையில் ஏற்றியதும் கை தானாகவே கூடாரப் பைக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். இன்று ராத்திரி நன்றாகத் தூங்குவீர்களா இல்லையா என்பது அடுத்த பத்து நிமிடத்தில் நீங்கள் தண்ணீரை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

இந்த வீடியோவில் நான் பேசப்போவது அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தைப் பற்றி. கேன்யன் என்றால் ஆறு குடைந்த ஆழமான பள்ளத்தாக்கு. யூட்டா மாநிலத்தில் கிரீன் ஆறு ஓடும் லாபிரிந்த் கேன்யன், அதற்குக் கீழே ஸ்டில்வாட்டர் கேன்யன், அரிசோனாவில் கொலராடோ ஆறு குடைந்த கிராண்ட் கேன்யன். லாபிரிந்த், ஸ்டில்வாட்டர் என்ற பெயர்களை வைத்தது 1869-இல் இந்த ஆறுகளை ஆராய நான்கு படகுகளில் கிளம்பிய ஜான் வெஸ்லி பாவெலின் பத்துப் பேர் குழு. இங்கே ஆற்றோரம் தங்குவது என்றால் குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, மேசை இல்லை, பெரும்பாலான இடங்களில் போன் சிக்னலும் இல்லை. பெர்மிட் மட்டும் கட்டாயம் வேண்டும். கிராண்ட் கேன்யனில் சொந்தமாகப் படகு விடுவதற்கான பெர்மிட்டைக் குலுக்கல் முறையில்தான் தருகிறார்கள்.

சரி, மணல்திட்டுக்கு வருவோம்.

[காட்சி: தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி, நெருக்கத்தில்]

முதல் வேலை, ஒரு குச்சியை எடுத்துத் தண்ணீர் மணலைத் தொடும் இடத்தில் சரியாக நட்டு வையுங்கள். சமைக்கும்போது ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை அதைப் பாருங்கள். குச்சியைச் சுற்றி விரலளவு தண்ணீர் ஏறியிருந்தால் ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது, குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈர மணல் தெரிந்தால் இறங்குகிறது. கண்ணால் பார்த்து ஆற்றின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லவே முடியாது, குச்சி சொல்லிவிடும்.

கிராண்ட் கேன்யனில் இது இன்னும் முக்கியம். மேலே இருக்கும் கிளென் கேன்யன் அணை 1963-இல் ஆற்றை மறித்ததிலிருந்து, மின்சாரத் தேவைக்கு ஏற்பத்தான் ஆற்றில் தண்ணீர் விடுகிறார்கள். அதனால் மழையே இல்லாவிட்டாலும் ஆறு ஒரே நாளில் ஏறும், இறங்கும், கடலில் ஓதம் வருவது போல. அணையில் திறக்கும் தண்ணீர் நாம் இருக்கும் இடத்துக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகும் என்பதால், அந்த ஏற்றம் நம் கரையில் நள்ளிரவில்கூட நடக்கலாம். மாலையில் ஈர மணலில் நின்ற படகு காலையில் உலர்ந்த மணலில் கிடக்கலாம், இல்லையென்றால் படகே இல்லாமல் போகலாம். இரண்டு வேறு வேறு இடங்களில் கயிறு கட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன், ஏனென்றால் சுவர்களுக்கு நடுவே படகைத் தொலைத்தால் நடந்து வெளியேற வழி இல்லாத இடங்கள் நிறைய உண்டு.

கிரீன் ஆற்றில் கதை வேறு. அங்கே மே, ஜூன் மாதங்களில் மலைப் பனி உருகி ஆறு நிறைந்து ஓடும், மணல்திட்டுகள் தண்ணீருக்குள் போய்விடும், தங்க இடம் தேடுவதே பாடாக இருக்கும், கொசுவும் அப்போதுதான். கோடை கழிந்து தண்ணீர் வடிந்தால் திட்டுக்குத் திட்டு தங்கலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் செப்டம்பர் கடைசியைத்தான் சொல்வேன்.

[காட்சி: பக்கவாட்டில் ஒரு குறுகிய கிளைப் பள்ளத்தாக்கு ஆற்றோடு சேரும் இடம்]

இப்போது பயப்பட வேண்டிய தண்ணீர். பெரிய ஆற்றைவிட எனக்கு அச்சம் தருவது, வறண்டு கிடக்கும் இந்தக் கிளைப் பள்ளத்தாக்குகள்தான். அதன் வாயில் மணல் சமமாக, விரித்த பாய் போல இருக்கும், கூடாரம் போடச் சொல்லி அழைக்கும். அந்த மணலைச் சமமாக்கியதே வெள்ளம்தான் என்பதை நினைவில் வையுங்கள். வெறும் பாறையும் மண் இல்லாத சரிவுமாக இருக்கும் நிலத்தில் மழை உள்ளே இறங்காது, அப்படியே வழிந்து ஓடி ஒரு சந்துக்குள் சேரும். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே வெள்ளம் வரும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவில் பேஜ் ஊருக்கு அருகே ஆன்டிலோப் கேன்யனில் நடந்தது இதுதான். அங்கே மழை பெரிதாகப் பெய்யவில்லை, பல மைல் தள்ளி மேட்டில் பெய்த இடிமழை சந்துக்குள் இறங்கிப் பதினொரு பேரை அடித்துக்கொண்டு போனது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம், அப்போது கிளைப் பள்ளத்தாக்கின் வாயில் படுக்கவே கூடாது. எங்கே பாதுகாப்பு என்று எப்படித் தெரியும்? புதர்களையும் பாறை இடுக்குகளையும் பாருங்கள். சுள்ளியும் புல்லும் சருகும் சிக்கி உலர்ந்து ஒரு கோடு மாதிரி நிற்கும், சில சமயம் உங்கள் தலைக்கு மேல்கூட. முன்பு வந்த வெள்ளம் தொட்ட உயரம் அது. பக்கத்து ஓடையில் தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, ரயில் வருகிற மாதிரி இரைச்சல் கேட்டாலோ சாமான்களைப் பார்க்காதீர்கள், மேட்டுக்கு ஏறுங்கள்.

அதற்காக ஒரேயடியாகச் சுவருக்கு அடியில் ஒண்டிக்கொள்ளவும் வேண்டாம், மேலிருந்து கல் விழும். கூர்மையான விளிம்போடு புதுக்கற்கள் மணலில் கிடந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். வெயில் கணக்கும் பார்க்க வேண்டும். மேற்குச் சுவர் ஓரமாக இருந்தால் மாலை வெயில் சீக்கிரம் மறையும், காலை வெயில் முதலில் அங்கேதான் விழும். உள் கேன்யனில் கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், பாறை ராத்திரி வரைக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், அதனால் சாயங்கால நிழல் ஒரு மணி நேரம் முன்னால் வந்தாலும் பெரிய விஷயம்.

கூடார முளைகள் மணலில் நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மிதித்துவிடுங்கள், காற்று எவ்வளவு அடித்தாலும் அசையாது.

[காட்சி: கலங்கல் தண்ணீர் நிறைந்த ஒரு வாளி, மேலிருந்து]

அப்புறம் குடிக்கிற தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். கிரீன் ஆற்றில் பலர் முழுத் தண்ணீரையும் படகிலேயே ஏற்றிக்கொண்டு போகிறார்கள், காரணம் ஆற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்தால் பால் ஊற்றிய தேநீர் மாதிரி இருக்கும். அதை நேராக வடிகட்டியில் விட்டால் சில நிமிடங்களில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாளியில் பிடித்து ராத்திரி முழுக்க ஆடாமல் வையுங்கள். சிட்டிகை படிகாரத் தூள் போட்டுக் கலக்கினால் இன்னும் நல்லது. வண்டல் துகள்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்னூட்டத்தோடு மிதப்பதால்தான் படியாமல் இருக்கின்றன, படிகாரம் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கிறது, துகள்கள் பஞ்சு பஞ்சாகச் சேர்ந்து கீழே இறங்கும். வாளியின் அடியில் வழவழப்பாக ஒரு சேற்றுப் படலம் நிற்கும், அதைக் கலக்காமல் மேல்தண்ணீரை மட்டும் மொண்டு வடிகட்டுங்கள், இல்லையென்றால் நன்றாகக் கொதிவந்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். தெளிந்துவிட்டதே என்று அப்படியே குடிக்க வேண்டாம், கிருமி கண்ணுக்குத் தெரியாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து மயக்கம் வரும், உப்புச் சேர்ந்த எதையாவது கூடவே சாப்பிடுங்கள்.

கழிப்பறை விஷயம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். பொதுவாகக் காடுகளில் தண்ணீரிலிருந்து அறுபது மீட்டர் தள்ளிப் போ என்பார்கள். கிராண்ட் கேன்யனிலும் ஸ்டில்வாட்டர் இருக்கும் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவிலும் சிறுநீரை நேராகப் பெரிய ஆற்றில் கழிக்கச் சொல்வதுதான் விதி. ஆற்றடியில் மழை ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான், மணலைக் கழுவிவிட யாரும் இல்லை, கிராண்ட் கேன்யன் ஆற்றில் ஆண்டுக்கு 20,000 பேருக்கு மேல் அதே சில மணல்திட்டுகளில் மாறி மாறித் தங்குகிறார்கள். மணலில் போனால் ஒரே பருவத்தில் கரை முழுக்க நாற்றம் எடுத்துவிடும், ஆறோ கரைத்துக்கொண்டு போய்விடும். சின்ன ஓடைகளில் மட்டும் கூடவே கூடாது. மலத்தைப் புதைக்கவும் கூடாது, பெட்டியில் வைத்துப் படகில் வெளியே கொண்டுவர வேண்டும். அந்தப் பெட்டிக்குப் படகுக்காரர்கள் வைத்த பெயர் குரூவர். முன்பு ராணுவத் தோட்டாப் பெட்டிகளை அப்படியே பயன்படுத்தினார்கள், உட்கார்ந்து எழுந்தால் தொடையில் இரண்டு கோடு பதியும், ஆங்கிலத்தில் குரூவ் என்றால் பள்ளமான கோடு, அதிலிருந்து வந்த பெயர்.

இந்த மணல் இனி சுலபமாகத் திரும்பி வராது என்பதால்தான் நான் இவ்வளவு சொல்கிறேன். கிராண்ட் கேன்யனுக்கு வர வேண்டிய மணல் அணைக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கிறது, கரைகள் கரைந்துகொண்டே போகின்றன. 1996-இல் முதல் தடவையாக அணையிலிருந்து வேண்டுமென்றே ஒரு செயற்கை வெள்ளத்தைத் திறந்துவிட்டு, ஆற்றடி மணலைக் கரையேற்றிப் பார்த்தார்கள். கரிக்கட்டை அந்த மணலில் மக்காது, அதனால் நெருப்பு போட்டால் உலோகத் தட்டில் மட்டும் போட வேண்டும், சாம்பலும் உங்களோடு வெளியே வர வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வலையில் வடிகட்டி ஆற்றில் ஊற்றுங்கள், வலையில் நிற்கும் பருக்கைகள் குப்பைப் பைக்கு. பருக்கை மணலில் சிந்தினால் சிவப்பு எறும்பு வரும், அதன் கடி நெடுநேரம் வலிக்கும்.

[காட்சி: இருட்டு, ஊதா விளக்கொளியில் பச்சையாக ஒளிரும் ஒரு தேள்]

தேளுக்கு ஒரு சின்ன புற ஊதா டார்ச் போதும், அந்த ஒளியில் அது பளிச்சென்று மின்னும். செருப்பைக் காலையில் உதறிவிட்டுப் போடுங்கள். கரைக்கு மேலே கறுப்பாகப் பொருக்குத் தட்டிய மண் தெரிந்தால் அதில் கால் வைக்காதீர்கள், அது நுண்ணுயிர்கள் பின்னிப் பிடித்திருக்கும் உயிருள்ள மண், ஒரு மிதி ஆறப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

[காட்சி: விடியல், மேற்குச் சுவரின் உச்சியில் வெயில்]

விடிந்ததும் முதலில் குச்சியைப் போய்ப் பாருங்கள். அப்புறம் எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு, கூடாரம் இருந்த இடத்தில் குனிந்து ஒரு சுற்று நடங்கள்: ரொட்டித் துணுக்கு, பை வாய் கட்டும் சின்னக் கம்பி, ஒரு துண்டு நூல். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, குச்சியையும் பிடுங்கி ஆற்றில் விட்டுவிட்டு, இரண்டு கயிறுகளையும் அவிழுங்கள்.