தொல்காப்பியர் போட்ட "பீப்" சத்தம்! ஒரு சொல் கெட்ட வார்த்தை ஆவது எப்படி?

[திரையில்: குறள் 964, 969. ஒரு சொல் மட்டும் மங்கலாக]

திருக்குறளில் "மானம்" என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதில் ஒரு சொல் இரண்டு குறளில் வருகிறது. அதே சொல்லை டீக்கடையில் யாரையாவது பார்த்துச் சொல்லிப் பாருங்கள், மானமும் போகும், சட்டைப் பட்டனும் போகும்.

மயிர்.

சொல்லிவிட்டேன். இனி இந்த வீடியோவுக்கு விளம்பரக் காசு வருமா என்பது சந்தேகம்தான். அதனால் ஒரு லைக்காவது போடுங்கள்.

964-இல் வள்ளுவர் சொல்வது, நிலை தாழ்ந்தவர் "தலையின் இழிந்த மயிரனையர்". தலையில் இருக்கும்வரை எண்ணெய், சீப்பு, பூ. உதிர்ந்தால் குப்பை. 969-இல் "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா" என்கிறார், இங்கே அதே மயிர் உயிருக்குச் சமம். இரண்டு இடத்திலும் சொல்லில் அழுக்கு கிடையாது. இன்று "ஒரு மயிரும் கிடையாது" என்றால் ஒன்றுமில்லை என்று பொருள், அது கொஞ்சம் காரம். உடம்பின் வேறு இடத்து மயிரைக் குறிப்பாகச் சொன்னால்தான் அடிதடி. மலையாளத்தில் இன்னும் மோசம், கொச்சிக்குப் போய் முடிவெட்டும் கடையில் நம் இலக்கியப் புலமையைக் காட்டிவிடாதீர்கள்.

உடனே நாம் என்ன செய்தோம்? முடி, ரோமம், கேசம், சிகை, கடைசியில் ஹேர். ஓடு ஓடு என்று ஓடிவிட்டோம். ஆனால் செய்தியில் "மயிரிழையில் உயிர் தப்பினார்" என்று வந்தால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் "தலைமயிர் வெட்டப் போறன்" என்பது சாதாரணப் பேச்சு. பின்னால் "இழை" வந்தால் சரி, முன்னால் "தலை" வந்தால் சரி, தனியாக வந்தால்தான் வம்பு. அப்படியானால் அழுக்கு அந்த எழுத்துகளில் இல்லை, இல்லையா?

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தயவுசெய்து தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள்.

[திரையில்: "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்"]

இது தொல்காப்பியம். "அவையல் கிளவி" என்றால் அவைக்கு ஆகாத சொல். கெட்ட சொல் என்றோ பாவச் சொல் என்றோ அவர் சொல்லவில்லை. நாலு பேர் கூடிய இடத்துக்கு ஆகாது, மறைத்துச் சொல், அவ்வளவுதான். வீட்டுக்குள் என்ன பேசினாய் என்று அவர் கேட்கவே இல்லை. பின்னால் வந்த நன்னூல் இதற்கு "இடக்கரடக்கல்" என்று பெயர் கொடுத்தது. பள்ளிக்கூடத் தமிழில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்தோமே, அதுதான். "கால் கழுவி வந்தேன்", "ஒன்றுக்குப் போனேன்" எல்லாம் இந்த வகை.

ஆனால் இலக்கணம் எழுதுகிறவருக்கே ஒரு சங்கடம் வரும், பாருங்கள். புணர்ச்சி விதி, அதாவது இரண்டு சொற்கள் சேரும் விதி, எழுதும்போது மலத்தைக் குறிக்கும் அந்த ஓரெழுத்துச் சொல்லுக்கும் விதி எழுதியாக வேண்டும். உதாரணமாக "ஆ" என்ற பசுவோடு அந்தச் சொல் சேர்ந்தால் "ஆப்பி", அதாவது சாணம். சரி, அதைச் சூத்திரத்தில் எப்படிச் சொல்வது? தொல்காப்பியர் "ஈகார பகரம்" என்று எழுதினார். அதாவது, "ப-வோடு ஈ சேர்ந்தது, புரிகிறதா, மேலே கேட்காதே." நன்னூலார் "பவ்வீ" என்று எழுதினார். பொருளைச் சொல்லவும் வேண்டும், வாயால் சொல்லவும் கூடாது, அதனால் எழுத்தைப் பிரித்து வைத்துவிட்டார்கள். டிவியில் கெட்ட வார்த்தைக்கு மேல் ஒரு சத்தம் வைக்கிறார்களே, அதற்குப் பெயர் பீப். அந்தப் பெயரிலேயே ஈகார பகரம் இருக்கிறது. இது தற்செயல்தான், ஆனால் இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னும் இருக்கிறது. "அவையல் கிளவி"க்கு அடுத்த சூத்திரம், "மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்." மறைத்துச் சொல்லும்போது, நெடுநாள் பழகிப்போன சொற்களை விட்டுவிடு, அவற்றை மறைக்க வேண்டாம். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்கள் ஆப்பி, யானை இலண்டம், ஆட்டுப் பிழுக்கை, மூன்றும் விலங்கின் கழிவுதான். ஆப்பிக்குள் அந்த ஓரெழுத்துச் சொல் கொஞ்சம் குறுகி உட்கார்ந்திருக்கிறது! ஆனாலும் அவையில் சொல்லலாம், ஏனென்றால் பழகிவிட்டது. வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போடுகிற ஊரில் அதைப் போய் யார் மறைப்பார்கள்? பொருள் ஒன்றாக இருந்தாலும் பழக்கம்தான் தீர்ப்புச் சொல்கிறது என்பதை இரண்டே சூத்திரத்தில் முடித்துவிட்டார் மனிதர்.

மூளை சமாச்சாரத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள், திட்டிக்கொண்டே வைத்தவர்கள் அதிக நேரம் தாங்கினார்கள். இருமொழி பேசுகிறவர்களுக்குத் தாய்மொழியில் கேட்கும் கெட்ட வார்த்தைதான் உடம்பில் அதிகம் உறைக்கிறது என்றும் ஆய்வு இருக்கிறது. ஆங்கிலத்தில் சரளமாகத் திட்டுகிற நம் ஐடி தம்பிகள் ஊருக்கு வந்தால் ஏன் பூனையாகிவிடுகிறார்கள் என்பது இப்போது புரியும்.

சரி, எந்தச் சொல் உறைக்கும்? அந்தச் சமூகம் எதற்குப் பயப்படுகிறது என்று பாருங்கள். கனடாவின் கியூபெக்கில் தேவாலயம் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. அங்கே கடுமையான வசைச் சொற்கள் எல்லாம் பூசைப் பொருள்கள், நற்கருணைப் பேழை, திருக்கிண்ணம், அப்பம். நெதர்லாந்துக்காரர்கள் நோயை வைத்துத் திட்டுவார்கள், டைபாய்டு, காலரா, புற்றுநோய். நமக்குக் "கக்கூஸ்" என்ற சொல்லைக் கொடுத்ததும் இதே டச்சுக்காரர்கள்தான். அதுவும் ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சொல்லாக வந்து, பிறகு நாறி, பாத்ரூம், டாய்லெட், ரெஸ்ட் ரூம் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. ரெஸ்ட் ரூமில் யாரும் ரெஸ்ட் எடுப்பதில்லை என்பது வேறு விஷயம். ஸ்டீவன் பிங்கர் என்ற மொழியியலாளர் இதற்கு வைத்த பெயரில் டிரெட்மில் வருகிறது. ஓடிக்கொண்டே இருப்போம், இடம் மாறாது.

இங்கே கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன். நம் ஊரில் திட்டு எதில் இருக்கிறது? பெண்ணின் உடம்பில் இருக்கிறது, சாதிப் பெயரில் இருக்கிறது. ஒரு மக்களின் பெயரையே வசையாக்கி, அது போதாதென்று ஆங்கிலத்துக்கும் ஏற்றுமதி செய்திருக்கிறோம். ஒரு நாட்டை உலகம் ஒதுக்கி வைத்தால் ஆங்கிலப் பத்திரிகைகள் அதைப் "பரையா" என்று எழுதுகின்றன. அது பறையர் என்ற பெயரிலிருந்து போன சொல். எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இதை எதிர்கொண்ட தலித் தலைவர்கள் இரண்டு வழியில் போனார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ஓர் இதழ் தொடங்கினார், அதற்கு அவர் வைத்த பெயரே "பறையன்". நீ எதைச் சொல்லித் தலைகுனிய வைக்கிறாயோ, அதை நான் முகப்பில் அச்சடிக்கிறேன். என்ன துணிச்சல்! எம்.சி. ராஜா வேறு வழி எடுத்தார். 1922-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசுப் பதிவுகளில் "ஆதி திராவிடர்" என்ற பெயரை வாங்கிக் கொடுத்தார். "ஹரிஜன்" என்று காந்தி பரப்பிய பெயரை அம்பேத்கர் ஏற்கவில்லை. 1982-இல் சாதிச் சான்றிதழில் அந்தச் சொல்லை எழுத வேண்டாம் என்று மத்திய அரசே சொல்லிவிட்டது. கேட்க மரியாதையாக இருந்தாலும் அது வெளியிலிருந்து ஒருவர் சூட்டிய பெயர். என் கருத்து, யாரைக் குறிக்கிறதோ அவர்கள் கேட்ட பெயரைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். "நாங்கள் அந்தக் காலத்தில் சாதாரணமாகத்தானே சொன்னோம்" என்று கமெண்டில் வரும் பெரியவர்களே, சொன்னவருக்கு அது சாதாரணம், கேட்டவரிடம் யாராவது கேட்டார்களா?

"ஊனமுற்றோர்" என்பது "மாற்றுத்திறனாளி" ஆன கதை, "நாற்றம்" நறுமணமாக இருந்த கதை எல்லாம் இதில் சேர்த்தால் நீளும், அவற்றைத் தனி வீடியோவாகப் போடுகிறேன்.

உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் சாதாரணமாகச் சொல்லி, பக்கத்து மாவட்டத்தில் சொன்னதும் எல்லோரும் திரும்பிப் பார்த்த சொல் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். சாதிப் பெயர் வேண்டாம், நீக்கிவிடுவேன். மற்றதை எப்படி எழுதுவது என்று தயங்கினால், நன்னூலார் முறை இருக்கவே இருக்கிறது, எழுத்தைப் பிரித்துப் போடுங்கள்.