கேட்டில் நின்ற ரயில்

நேயர்களுக்கு வணக்கம். பழைய எஞ்சினை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் கிராமத்து ரயில் நேரத்துக்கு வருமா? இதைப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து நிமிடம். கரி எஞ்சினில் ஆரம்பித்தால் ஐந்து நிமிடம் போதாது. ஆனாலும் அங்கேதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ஊர் வழியாக மீட்டர் கேஜ் என்ற குறுகலான பாதையில் பாசஞ்சர் ஒன்று ஓடியது. ஒரு மழை நாளில் அது வயல்வெளியில் நின்றுவிட்டது. கரி மட்டம், ஆவி ஏறவில்லை. ஃபயர்மேன் நீளக் கம்பியை விட்டு அடுப்பைக் கிளறி, கட்டிதட்டிய சாம்பலை இழுத்துத் தள்ளினார். பாதிப் பேர் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தோம். பூக்கூடைப் பாட்டி ஒருவர் மட்டும் இறங்கவில்லை. "ஈர வெறகுன்னா ஊதித்தானே ஆகணும்?" என்றார். முக்கால் மணி கழித்து விசில் கேட்டது. பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் போச்சு. ஆனால் வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது. இதைத் திரும்பவும் சொல்வேன்: தாமதம்தான், ஆனால் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் டீசல் வந்தது. ஒய்டிஎம்-4 என்ற எஞ்சின். வழியில் தண்ணீர் பிடிக்க வேண்டாம், பல மணி நேரம் முன்பே அடுப்பு மூட்ட வேண்டாம். நேரம் மிச்சம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் டீசல் படுத்துவிட்டால் கம்பியால் கிளறி எழுப்ப முடியுமா? மாற்று எஞ்சின் வர வேண்டும். கரி போனதோடு சின்ன ஊர்களின் எஞ்சின் ஷெட்டுகளும் போய்விட்டன. எங்கோ தூரத்திலிருந்து அது வந்து சேரும்வரை, ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்கும் வழியில்லை. தாமதம் எப்போதாவதுதான். வந்தால் அரை நாளைத் தின்றுவிடும்.

சரி, வண்டி கோளாறே இல்லாமல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திருவாரூர்–காரைக்குடி பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திருவாரூர்ப் பக்கம், தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்துக்கு வரி போட்டுக் கட்டிய ரயில். முத்துப்பேட்டைக்கு 1894-லேயே வண்டி வந்தாயிற்று. 2012-ல் மீட்டர் கேஜை நிறுத்தினார்கள். 2019-ல் அகலப் பாதையில் டெமு என்ற டீசல் ரயில் விட்டார்கள். இரண்டு முனையிலும் டிரைவர் அறை, எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற வேலையே கிடையாது. புத்தம் புதுத் தண்டவாளம். சுமார் 150 கிலோமீட்டர் போக எவ்வளவு நேரம்? ஆறு மணி நேரம்!

காரணம், தண்டவாளத்தை ரோடு கடக்கிற இடங்களில் இருக்கும் கேட்டுகள். பல கேட்டுகளுக்கு ஆள் இல்லை. கேட் கீப்பர்கள் ரயிலிலேயே வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும். முன்பக்கத்து ஆள் இறங்கி கேட்டை மூடுவார். ரயில் தாண்டிப் போய் மறுபடி நிற்கும். பின்பக்கத்து ஆள் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். அடுத்த கேட்டில் மறுபடி இதே கதை. பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் போகிறவர்கள் பஸ்ஸைத் தேடாமல் என்ன செய்வார்கள்?

பிறகு கேட்டுகளுக்கு ஆள் போட்டார்கள், பயண நேரம் குறைந்தது. எஞ்சினை யாரும் தொடவில்லை.

எக்ஸ்பிரசுக்கு வழிவிட்டு பாசஞ்சரை லூப் லைன் என்ற பக்கத் தண்டவாளத்தில் ஒதுக்கிப் போடுவார்களே, அந்த கிராஸிங் விவகாரம்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். பாட்டி கதையைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். வணக்கம்.