எம்.பி.க்கள் கைவிட்டும் தொண்டர்கள் விடவில்லை: ஜெரமி கார்பின் கதை

[காட்சி: லண்டன் நாடாளுமன்றக் கட்டடம்]

2016 ஜூன் 28. பிரிட்டனின் லேபர் கட்சி எம்.பி.க்கள் தங்கள் தலைவர் ஜெரமி கார்பின் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வாக்களிக்கிறார்கள். அவருக்கு எதிராக 172 பேர், ஆதரவாக வெறும் 40 பேர். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பதவி போயிருக்கும். ஆனால் செப்டம்பரில் கட்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டபோது, 61.8 சதவீத வாக்குகளோடு அவரே மறுபடியும் தலைவரானார். முந்தைய வருடம் வாங்கியதைவிட இது அதிகம்.

சபையில் கூடவே உட்காருகிறவர்களுக்கு வேண்டாதவர், தொண்டர்களுக்கு எப்படி இவ்வளவு வேண்டியவரானார்?

[காட்சி: இஸ்லிங்டன் தெருக்கள்]

கார்பின் 1983 முதல் லண்டனின் இஸ்லிங்டன் வடக்கு எம்.பி. அமைச்சராக இருந்ததே இல்லை. ஈராக் போரை எதிர்த்தவர். கொறடா உத்தரவை மீறிச் சொந்தக் கட்சிக்கு எதிராகவே நூற்றுக்கணக்கான முறை வாக்களித்தவர்.

2015 பொதுத்தேர்தலில் தோற்று அப்போதைய கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் விலகியதும் தலைவர் பதவிக்குப் போட்டி வந்தது. களத்தில் இறங்க அப்போது 35 எம்.பி.க்கள் முன்மொழிய வேண்டியிருந்தது. கெடு முடியும் நேரத்தில்தான் கார்பினுக்கு ஆள் தேறியது. அவரை ஆதரிக்காத சிலர்கூட, விவாதத்தில் இடதுசாரிக் குரலும் இருக்கட்டுமே என்று கையெழுத்துப் போட்டார்கள்.

இதற்கு முந்தைய வருடமே விதி மாறியிருந்தது. தலைவர் தேர்தலில் எம்.பி.க்களின் ஓட்டுக்கென்று இருந்த மூன்றில் ஒரு பங்கு மதிப்பு போய், ஆளுக்கு ஒரே ஓட்டு என்றானது. 3 பவுண்டு கட்டிப் பதிந்தால் உறுப்பினர் அல்லாதவரும் ஓட்டுப் போடலாம் என்றும் ஆனது.

அப்புறம் வந்தது 2015 ஜூலை 20. ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகையை வெட்டும் மசோதாவை கன்சர்வேட்டிவ் அரசு கொண்டுவந்தது. புதிதாகப் பிறக்கும் மூன்றாவது குழந்தைக்கு உதவி கிடையாது என்பதும் அதில் இருந்தது. வாக்களிக்காமல் ஒதுங்கியிருங்கள் என்றது லேபர் தலைமை. தலைவர் போட்டியில் இருந்த பர்ன்ஹாம், கூப்பர், கெண்டல் மூவரும் ஒதுங்கினார்கள். கார்பின் எதிர்த்து வாக்களித்தார். ஏழைகளுக்காகத்தான் இந்தக் கட்சி என்று நம்பிய ஒருவர், அன்றிரவு அந்த நால்வரில் யாரைத் தன் ஆளாக நினைத்திருப்பார்?

[திரையில்: 59.5%]

செப்டம்பரில் முடிவு வந்தது. மொத்தத்தில் 59.5 சதவீத வாக்குகளோடு கார்பின் தலைவரானார். 3 பவுண்டு ஆதரவாளர்களிடம் அவருக்கு 83.8 சதவீதம். வெளியிலிருந்து வந்தவர்கள்தான் ஜெயிக்க வைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. முழு உறுப்பினர்களிடமும் 49.6 சதவீதம் வாங்கினார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். 2015 தொடக்கத்தில் லேபர் உறுப்பினர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. அடுத்த வருடமே 5 லட்சத்தைத் தாண்டினார்கள். அவரைப் பிடித்தவர்கள் உள்ளே வந்தார்கள், பிடிக்காதவர்களில் பலர் வெளியேறினார்கள். அதனால் 'கட்சிக்குள் செல்வாக்கு' என்று நாம் பார்க்கும் எண்ணில், தலைவரே திரட்டிய கூட்டமும் அடக்கம். அந்த 5 லட்சம் பேர் உண்மையானவர்கள்தான். ஆனால் நாட்டின் வாக்காளர்கள் 4.5 கோடிக்கும் மேல்.

எம்.பி.க்களும் பத்திரிகைகளும் தாக்கத் தாக்க, ஆதரவாளர்கள் இன்னும் இறுகினார்கள். இதில் எனக்கு மிக வருத்தமானது, கட்சிக்குள் யூத வெறுப்பு இருக்கிறது என்று யூத உறுப்பினர்கள் சொன்ன புகார்களையும் தலைவருக்கு எதிரான சதி என்று பலர் தள்ளிவிட்டது. 2020இல் அரசின் சமத்துவ ஆணையம் விசாரித்து, நாட்டின் சட்டத்தைக் கட்சி மீறியதாகவே சொன்னது.

[காட்சி: வாக்கு எண்ணும் மையம்]

2017 பொதுத்தேர்தலில் 40 சதவீத வாக்கு வாங்கிக் கார்பின் எல்லோரையும் திகைக்க வைத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 2019 செப்டம்பரில் இப்சோஸ் கருத்துக்கணிப்பில் அவர்மேல் திருப்தி என்றவர்கள் 16 சதவீதம், அதிருப்தி 76 சதவீதம். அந்த டிசம்பர் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது 202 இடங்கள். 1935க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை.

அடுத்து வந்த கியர் ஸ்டார்மர், 2021 மாநாட்டில் கட்டணம் கட்டிப் பதியும் ஆதரவாளர்களின் ஓட்டுரிமையையே எடுத்துவிட்டார். இப்போது தலைவர் பதவிக்குப் போட்டியிட எம்.பி.க்களில் ஐந்தில் ஒருவராவது முன்மொழிய வேண்டும்.